வெளாம்பயம்

வெற்றிவேலின் கடைவாய்ப் பல் உடைந்ததற்குப் பழி சுமந்தது ஒரு விளாம்பழம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியது. படைத்தது போக மிச்சமிருந்ததை வெல்லம் போட்டுப் பிசைந்து மனைவி மலர்விழி கொடுத்தாள். உள்ளே ஓட்டுத் துணுக்கு ஒன்று கிடந்திருக்கிறது. கடக்கென்று ஒரு சத்தம். துப்பிப் பார்த்தால் பாதிப் பல் உள்ளங்கையில் இருந்தது. மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் தொடங்கி எல்லோரிடமும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே கதையைச் சொன்னான்: "வெளாம்பயம் துன்னு பல்லு பூட்ச்சி."

அந்தப் பக்கத்து வாய்களுக்கும் ழகரத்துக்கும் ஒத்துவராது. மழை மயவாகிவிடும், கீழே கீயவாகிவிடும், வாழைப்பழம் வாயப்பயமாகிவிடும். இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. பழத்தையும் பயத்தையும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். எது எந்தப் பயம் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். வெற்றிவேல் விஷயத்தில் மட்டும் அது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போய்வரும் தனியார் பஸ்ஸுக்கு அவன் டிரைவர். மலையில் அந்த பஸ்ஸுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது, 'வெற்றி வண்டி'தான். காலையில் இறங்கும்போது காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சாமை மூட்டை, சீசனுக்குத் தகுந்த பழக்கூடைகள். டிரைவருக்குப் பின்சீட்டு சாலம்மாளுடையது. மலையில் பழம் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விற்கிறவள். பல்லை உடைத்த விளாம்பழமும் அவள் கூடையிலிருந்து வந்ததுதான். விஷயம் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் வெற்றிவேலின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. "எங்கிட்ட வாங்கினதால தான தம்பி பல்லு பூட்ச்சி" என்று ஒருதரம் சொன்னாள். வாடிக்கையாக அவனுக்கு நீட்டுகிற பழத்தை அதோடு நிறுத்திவிட்டாள். அவனும் அவளை அப்படியே நினைத்துக்கொண்டிருக்க விட்டான்.

அந்த ரூட் அவனுக்கு உயிர். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சமவெளியில் வண்டி ஓட்டுவதை அவன் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. ஆனால் போன வருஷம் ஐப்பசியில், ஒரு மத்தியானம், மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்த நேரம், நாவல் மரம் ஒன்று நிற்கிற நாவமரத்து வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் போய், நின்று, மறுபடி ரோட்டைப் பிடித்தது. கண்டக்டர் அன்புச்செல்வன் குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். ஓர் அம்மாள் தூக்கத்திலிருந்து விழித்து, கச்சிராயபாளையம் வந்துவிட்டதா என்று கேட்டாள். பக்கக் கண்ணாடியில் டயருக்குப் பின்னால் ரோடு இல்லாததைப் பார்த்தவன் வெற்றிவேல் ஒருவன்தான்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பொண்டாட்டியிடம்கூட. மலை ரூட் டிரைவர் பயப்படுகிறான் என்று தெரிந்தால் அப்புறம் எவன் ஏறுவான் என்பது அவன் கணக்கு. நாள் தவறாமல் அந்த வளைவைக் கடந்தான், நாள் தவறாமல் பயந்தான். இந்த லட்சணத்தில்தான் முதலாளி தனசேகரன் ஒருநாள் கூப்பிட்டு, "தீபாவளி கழிச்சி சங்கராபுரம் ரூட்ல புது வண்டி வுடறேன். சீனியரு நீ. வேணும்னா நீயே எடுத்துக்க. மலையில கெடந்து ஏன் அல்லாடற?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். நேர் ரோடு, ஒரு மேடு பள்ளம் கிடையாது. யோசித்துச் சொல்வதாக வெற்றிவேல் வந்துவிட்டான். சரி என்று சொல்லிவிட்டால் பயம் தீரும். ஆனால் ஓடிவந்தவன் என்பது சாகும்வரை அவனுக்கே தெரிந்திருக்கும்.

இப்படி இருக்கையில்தான் பல் உடைந்தது.

கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த பல் டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துப் பெண், வாக்கப்பட்டு வந்தவர். பெயர் தமிழ்மொழி. போர்டில் இரண்டு ழகரத்தை ஒரே பெயரில் பார்த்ததும் வெற்றிவேலுக்குத் திக்கென்றது. 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டான். கூட மலர்விழியும் வந்திருந்தாள்.

நாற்காலியில் சாய வைத்து, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "எப்படி உடைஞ்சுது?"

"பயம்தாங்க."

டாக்டர் அவன் வாயிலிருந்து சின்னக் கண்ணாடியை வெளியே எடுத்தார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற ஆம்பிளையை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்போ இருந்து?" என்றார்.

"புள்ளையார் சதுர்த்திலேர்ந்துங்க."

"எந்த நேரத்துல வருது?"

"காலையிலங்க. மலையிலேர்ந்து எறங்கும்போது."

"நிறைய வருமா?"

"இப்ப ஜாஸ்திதாங்க. கூட கூடயா வரும்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்றது இன்னாங்க, இவதான் வெல்லம் போட்டுப் பெசஞ்சி குடுத்தா."

மலர்விழிக்குத்தான் முதலில் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அய்ய, டாக்டரம்மா, அது பயம் இல்லீங்க. பயம். துன்ற பயம். வெளாங்கா பயுத்தா வருமே, அது."

டாக்டருக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உறைத்ததும் அவரும் சிரித்தார், உதவிக்கு நின்ற நர்ஸ் பெண்ணும் சிரித்தாள். வெற்றிவேலும் உடைந்த பல்லோடு சிரித்தான். ஆனால் சற்று முன் அந்தக் கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்களை எண்ணிப் பார்த்தபோது அவன் சிரிப்பை நிறுத்தினான். எறங்கும்போது வருது. ஜாஸ்தியா வருது. இரண்டும் பொய் இல்லை.

டாக்டர் அவனுடைய பற்களைப் படம் எடுத்துச் சுவரிலிருந்த திரையில் பெரிதாகக் காட்டினார். "பழத்து மேல தப்பில்லைங்க. பழம் ஒரு பல்லை உடைக்கும், ஒத்துக்கறேன். ஆனா எல்லாப் பல்லையும் தேய்க்காது. கடைவாய்ப் பல்லுல மேடும் பள்ளமுமா இருக்கணும். உங்களுக்குத் தார் ரோடு போட்ட மாதிரி இருக்கு பாருங்க. முன்பல்லு நாலும் ஒரே மட்டமா தேஞ்சிருக்கு. ஏற்கெனவே கீறல் விட்ட பல்லுதான் அது. பழம் கடைசியா வந்து மாட்டிக்கிச்சு."

அவன் கன்னத்தில் விரலை வைத்துக் கடிக்கச் சொன்னார். தசை கல்லாக எழும்பியது. நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றான்.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கறாரா?" என்று மலர்விழியிடம் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். "கடிக்கறதா? அம்மியில உப்புக்கல்லு அரைக்கிற கணக்கா கேக்கும்ங்க. மொதல்ல எலின்னு நெனச்சேன். அப்பறம் வயித்துல பூச்சின்னு மாத்தர குடுத்தேன். வேப்பங்கொயுந்து அரைச்சிக் குடுத்தேன். அதுக்கும் நிக்கல."

நாற்பதைத் தாண்டிய ஆம்பிளைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்த கதை ஊர்ப் பொதுவில் வந்துவிட்டதே என்று வெற்றிவேல் கூரையைப் பார்த்தான்.

"பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார் டாக்டர். "இது தூக்கத்துல தாடை தானா செய்யற வேலை. இதனாலதான்னு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. சிலருக்குக் குடியினால, புகையிலையினால அதிகமாகும். பொழுது சாஞ்சு டீ குடிச்சா ஆகும். மனசுல அழுத்தம் இருந்தாலும் ஆகும்." அவன் பக்கம் திரும்பினார். "மனசுல ஏதாவது இருக்கா?"

"எனக்கு இன்னாங்க பயம்?" என்றான் வெற்றிவேல் சட்டென்று.

இந்தமுறை பயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மலர்விழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டார்.

உடைந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டும் என்றார். அதைப் போட்டாலும் இரவுக் கடி இருக்கிறவரை கேப்பும் பாக்கிப் பற்களும் தாங்காது. அதனால் நைட் கார்டு ஒன்று செய்ய வேண்டும். மாவு போன்ற ஒன்றைத் தட்டில் வைத்து வாய்க்குள் அமுக்கி அச்சு எடுத்தார். அந்த அச்சுக்கு அளவாகக் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒன்று வரும், படுக்கும்போது மேல்வரிசையில் மாட்டிக்கொள்ள வேண்டும், கடிக்கிற கடியெல்லாம் அதன் மேல் விழும் என்று சொன்னார்.

"ராத்திரிக்கு அது காவல். பகலுக்கு நீங்கதான் காவல்" என்றார். "சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல்லு விலகியிருக்கணும். நாக்கு மேல இருக்கணும். ஒரு வழி சொல்றேன். ழ சொல்லுங்க."

"ய" என்றான்.

"ழ."

"ய."

"நாக்கை மடிச்சு மேல கொண்டு போங்க. மேல தொட்டும் தொடாம நிறுத்துங்க. அப்போ பல்லு தானா விலகும், தாடை தொங்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு ழ சொல்லிப் பாருங்க, நல்லா வராது. வண்டியில கண்ல படற இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. அதைப் பாக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள ழ சொல்லுங்க. வாத்தியார் கேக்க மாட்டார், சரியா வரணும்னு இல்ல."

பள்ளிக்கூடத்தில் இதற்காகவே அடி வாங்கியவன் அவன். திரும்பவும் கொண்டுவந்து இதிலேயே மாட்டிவிட்டார்களே என்று நொந்துகொண்டு வெளியே வந்தான்.

வேர் சிகிச்சை முடிந்தது, கேப் ஏறியது, நைட் கார்டும் வந்து சேர்ந்தது. வளைந்த அந்தச் சாமானைப் பார்த்ததும் மலர்விழி அதற்கு 'லாடம்' என்று பெயர் வைத்துவிட்டாள். "இன்னா மாமா, லாடம் கட்டியாச்சா?" என்று கேட்காமல் விளக்கை அணைப்பதில்லை. வெந்நீரில் போட்டால் கோணிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பச்சைத் தண்ணீரில் அவளே தேய்த்துக் கழுவி டப்பாவில் வைத்தாள். முதல் வாரம் எச்சில் ஊறியது, வாந்தி வருகிறாற்போல் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. தலைவலி கம்மியானது. பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கரை ஒட்டினான். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, தூக்கத்தில் மட்டுமல்ல, மலையில் ஒவ்வொரு வளைவிலும் தாடை பூட்டிக்கொள்கிறது என்பது. பொட்டைப் பார்ப்பான், நாக்கை மடிப்பான், பல் விலகும். நாவமரத்து வளைவில் மட்டும் பொட்டும் தெரியாது, ழகரமும் தெரியாது. கடித்த கடி வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துதான் விடும்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, லீவு நாளில், நைட் கார்டைக் காட்ட அவன் தனியாகப் போனான். டாக்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதன் மேலெல்லாம் கோடு கோடாகக் கீறல். வலது ஓரத்தில் ஓர் இடம் குழிந்தே போயிருந்தது.

"இதெல்லாம் உங்க பல்லுல விழ வேண்டியது" என்றார். "நல்லா வேலை செஞ்சிருக்கு."

வெற்றிவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தினம் வாயில் போடுகிற சாமான்தான், ஆனால் இப்படி வெளிச்சத்தில் பார்த்ததில்லை. ஒரு மனுஷன் தூங்கும்போதுகூட இவ்வளவு பாடுபட்டிருக்கிறானே என்று யாரோ ஒருவனுக்காகப் போல அவனுக்குப் பரிதாபமாக இருந்தது.

"இது நிக்குமாங்க?"

"கம்மியாகும். முழுசா நின்னுடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கார்டு தேஞ்சா வேற செய்யலாம், பல்லு தேஞ்சா திரும்ப முளைக்காது. பல்லைக் காப்பாத்தறது என் வேலை. உங்களைக் கடிக்க வைக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது, வெற்றிவேல்." சொல்லிவிட்டு டாக்டர் திரும்பிக் குழாயடியில் கார்டைக் கழுவத் தொடங்கினார்.

அவருடைய முதுகு தெரிந்ததாலோ என்னவோ, வெற்றிவேலுக்கு வாய் வந்தது.

"பயம்ங்க."

"மறுபடியும் சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர் திரும்பாமலே. இந்த ஊர்த் தமிழ் தனக்குப் பிடிபட்டுவிட்ட பெருமை குரலில் தெரிந்தது. "ஓடு இல்லாம பாத்துச் சாப்பிடுங்கன்னு சொன்னேனே. கேப் போட்ட பல்லாச்சே."

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆமாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். லாடத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம், முதலாளியிடம் சங்கராபுரம் வண்டிக்குச் சரி சொல்லிவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிவேல் நாக்கை மடித்தான். மெதுவாக மேலே கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் நிறுத்தினான்.

"பழம் இல்லீங்க" என்றான். "பயம்."

ழகரம் சுத்தமாக வந்து விழுந்தது. டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

எல்லாவற்றையும் சொன்னான். மூட்டம், சேறு, கண்ணாடியில் ரோடு இல்லாதது, கச்சிராயபாளையம் வந்துவிட்டதா என்று கேட்ட அம்மாள். சொல்லும்போது கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அது. டாக்டர் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அந்த இடத்துல உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் உண்டா?"

"கண்டக்டரு கீறான்ங்க. எறங்கி நின்னு விசில் குடுத்தா டயரு எங்க கீதுன்னு தெரியும். எப்படிங்க போயி கேக்கறது? பயந்துட்டான்னு நெனைப்பான்."

"பயந்துதானே இருக்கீங்க" என்றார் டாக்டர். குத்தலாக இல்லை, சாதாரணமாகச் சொன்னார். "பல்லுக்குக் காவல் போட்டுக்கிட்டீங்க இல்ல? அதுல என்ன வெக்கம் வந்துது?"

கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மலர்விழியிடமும் சொன்னான். அவள், "இத்த உட்டுட்டு பூச்சி மாத்தர குடுத்தேனே" என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று லாடத்தைப் பற்றிக் கேலி செய்யவில்லை.

இரண்டொரு நாளில் ஐப்பசி மூட்டம் மலையில் இறங்கியது. காலை டிரிப், வண்டி நிறைய ஜனம். நாவமரத்துக்குச் சற்று முன்னால் வெற்றிவேல் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"அன்பு, இங்க வா. இந்த வளைவுல எனக்கு பயம்டா. போன வருசம் பின்சக்கரம் வெளிய பூட்ச்சி. நீ எறங்கி நின்னு பின்னாடி பாத்து வயி சொல்லு."

அன்புச்செல்வன் குரலைத் தணித்துக்கொண்டு, "அண்ணே, நான் இன்னா செய்றேன்னு நெனச்ச? இந்த எடம் வந்தா கீய குனிஞ்சி டிக்கெட்டு கியிக்கற மாதிரி கண்ண மூடிக்குவேன். இத்தினி நாளு நீ ஒத்தையா பாத்துக்கினு கீற" என்றான். விசிலை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கினான்.

காலேஜ் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "பாத்துப் போப்பா, இன்னா அவசரம்" என்றார். அவன் மேல் யாருக்கும் நம்பிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து அன்புவின் குரல் வந்தது: "வா, வா, ரோடு கீது, இன்னும் வா." வெற்றிவேல் சிவப்புப் பொட்டைப் பார்த்தான், நாக்கை மடித்தான். பயம் எங்கேயும் போய்விடவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் பல் விலகியிருந்தது, கை லேசாக இருந்தது, டயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு நீள விசில். நாவமரம் பின்னால் போய்விட்டது.

கச்சிராயபாளையத்தில் வண்டி நின்றதும் முதலாளிக்குப் போன் போட்டான். சங்கராபுரத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னான், மலை வண்டியை விடமாட்டேன் என்றான். கூடவே, பின்டயர் இரண்டும் வழவழவென்று கிடக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றான்.

"தீபாவளி நேரம்டா" என்றார் தனசேகரன். "அது வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடேன்."

"அது முடியாதுங்க. பல்லக் கடிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

முதலாளி கொஞ்சம் முனகிவிட்டுக் கடைசியில் டயர் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. சாலம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் அவனைப் பார்க்காமல் படியில் காலை வைத்தாள்.

"சாலம்மாக்கா" என்று கூப்பிட்டான். "எம் பல்லு ஒடஞ்சதுக்கு உன் பயம் காரணம் இல்லக்கா. என் பயம்தான்."

சாலம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் பழமானால் என்ன, பழி தன்மேல் இல்லை என்பது மட்டும் புரிந்தது. கூடையை மறுபடி படியிலேயே இறக்கி வைத்து, பின்னால் இறங்க நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.